வாணியம்பாடி போர்வெல் தண்ணீரை மின்மினி செல்லில் பார்க்கலாமா?

கேள்வி சுருக்கமாக இது: வீடு வாணியம்பாடியில், பாலாற்றிலிருந்து கூப்பிடு தூரம். புழங்குவதற்குப் போர் தண்ணீர். காவிரித் தண்ணீர் வராத நாட்களில் குடிப்பதற்கும் அதே. அம்மாவுக்குத் தைராய்டு, அக்காவுக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி. “மின்மினியின் மரபணுவை மனித செல்லுக்குள் வைத்திருக்கிறார்களாம், ஹார்மோனைக் கெடுக்கிற ரசாயனம் பட்டால் அது ஒளிருமாம். எங்கள் தண்ணீரை அதில் ஊற்றிப் பார்க்க முடியுமா? ஒளிரவில்லை என்றால் தைரியமாகக் குடிக்கலாமா?”

முதல் கேள்விக்குப் பதில், பார்க்கலாம். இரண்டாவதுக்கு, கூடாது. ஏன் கூடாது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நான் காட்பாடிக்காரன். படிக்கிற காலம் தொட்டுப் பத்து வருடம் போல இந்தச் செல்களுக்குச் சாப்பாடு போட்டு வளர்த்தவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பெண் ஹார்மோனான எஸ்ட்ரோஜென் ரத்தத்தில் எல்லா இடமும் சுற்றினாலும் எல்லாச் செல்லும் அதைச் சட்டை செய்வதில்லை. அதற்கான ஏற்பிப் புரதம் உள்ளே இருக்கிற செல்தான் காது கொடுக்கும். ஹார்மோன் வந்து ஏற்பியில் உட்கார்ந்ததும், ஏற்பிகள் இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்து டி.என்.ஏ.வில் தங்களுக்கென்று குறித்திருக்கும் இடத்தில் போய் ஒட்டும். பக்கத்திலுள்ள மரபணு வேலையைத் தொடங்கும். ஆய்வாளர்கள் செய்தது வீட்டு வயரிங் மாதிரியான வேலை. சுவிட்ச் செல்லுக்குள் ஏற்கெனவே இருந்தது. அதிலிருந்து ஒரு வயரை இழுத்து பல்பு மாட்டினார்கள். பல்பு என்பது மின்மினியின் லூசிஃபெரேஸ் என்ற நொதி. அதன் மரபணுவை 1985இல் பிரித்தெடுத்தார்கள்; அடுத்த வருடமே ஒரு புகையிலைச் செடிக்குள் வைத்து ஒளிரவும் வைத்தார்கள். லூசிஃபெரின் என்ற பொருளும், செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யும், ஆக்சிஜனும் சேர்ந்தால் இந்த நொதி வெளிச்சம் தரும். அமிர்திப் பக்கம் மழைக்காலத்து இரவில் புதரில் மினுக்குவதும் இதே வேதியியல்தான்.

எஸ்ட்ரோஜென் மாதிரி நடிக்கிற எந்த ரசாயனம் ஏற்பியில் உட்கார்ந்தாலும் பல்பு எரியும். எவ்வளவு நன்றாக உட்கார்கிறதோ அவ்வளவு வெளிச்சம். அடிப்படை அவ்வளவுதான்.

வெளிச்சம் என்றதும் தட்டு முழுக்கப் பச்சையாக ஜொலிக்கும் என்று நினைக்க வேண்டாம். எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் விளக்கை அணைத்துவிட்டுக் குனிந்து பார்த்து ஏமாந்து போவார்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. 96 குழி உள்ள வெள்ளைத் தட்டைக் கருவிக்குள் தள்ளினால், உள்ளே இருக்கும் ஒளிபெருக்கிக் குழாய் ஒவ்வொரு குழியிலிருந்தும் வரும் ஒளித்துகளை எண்ணி எண்ணாகக் கொடுக்கும். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தில் மங்கலான நட்சத்திரங்களின் ஒளியை அளக்க எந்த வகைக் குழாயைப் பயன்படுத்தினார்களோ, அதே வகைதான். வேலூரிலிருந்து பார்த்தால் இரண்டும் அக்கம்பக்கத்துத் தொழில் என்று எனக்கு ஒரு நினைப்பு.

இப்போது உங்கள் தண்ணீருக்கு வருவோம். போர் தண்ணீரை நேராகச் செல்லில் ஊற்றுவதில்லை. ஒரு லிட்டரை எடுத்து வடிகட்டி, விரல் நீளமுள்ள ஒரு குப்பி வழியாகச் சொட்டுச் சொட்டாக விடுவோம். குப்பிக்குள் இருக்கிற பொடி, எண்ணெய்த்தன்மை கொண்ட கரிமப் பொருட்களை மட்டும் பிடித்துக்கொள்ளும். மற்றதெல்லாம் கீழே இறங்கிச் சாக்கடைக்குப் போய்விடும். பிடித்ததை மெத்தனாலால் கழுவி எடுத்து, நைட்ரஜன் காற்றில் உலர்த்தி, அரை மில்லி டி.எம்.எஸ்.ஓ. கரைப்பானில் கரைப்போம். ஒரு லிட்டர் அரை மில்லியாகிவிட்டது, அதாவது 2000 மடங்கு செறிவு. அந்தக் கரைப்பான் நூறில் ஒரு பங்குக்கு மேல் போனால் செல் தாங்காது. ஆகவே குழிக்குள் போகும்போது மிஞ்சுவது 20 மடங்கு செறிவு. ஒரு நாள் அப்படியே அடைகாப்பு அறையில் வைப்போம். மறுநாள் செல்லை உடைத்து, லூசிஃபெரின் ஊற்றி, எண்ணுவோம். கூடவே உடம்பின் முக்கிய எஸ்ட்ரோஜெனான எஸ்ட்ராடயாலைச் சுத்தமாக எடுத்து ஏறுவரிசையில் வைத்த குழிகள் இருக்கும், வெறும் கரைப்பான் மட்டும் போட்ட குழிகளும் இருக்கும். உங்கள் தண்ணீரின் வெளிச்சம் எத்தனை நானோகிராம் எஸ்ட்ராடயாலுக்குச் சமம் என்று அந்த வரிசையை வைத்துச் சொல்வோம்.

நானோகிராம் என்றால் எவ்வளவு என்று மனதில் பிடிபடாது. நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். லிட்டருக்கு 1 நானோகிராம் என்றால், ஒரு டி.எம்.சி. தண்ணீரில் 28 கிராம். ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் குடிநீருக்கான கண்காணிப்புப் பட்டியலில் எஸ்ட்ராடயாலுக்கு வைத்த அளவு சரியாக இந்த 1 நானோகிராம்தான். அந்த அளவைச் செல் கண்டுபிடித்துவிடும்.

இவ்வளவு கூர்மையான காது இருந்தால் வேண்டாத சத்தமும் கேட்கும். நான் புதிதாகச் சேர்ந்தபோது, ஒரு மாதம் போல எங்கள் தட்டுகளில் வெறும் கரைப்பான் போட்ட குழியே எரிந்துகொண்டிருந்தது. செல் கெட்டுவிட்டது என்றார்கள், மாற்றினோம். சீரம் சரியில்லை என்றார்கள். செல்லுக்கு ஊட்டும் கன்றுச் சீரத்தில் இயற்கையாகவே ஹார்மோன் இருக்கும். அதைக் கரித்தூளில் போட்டு உறிஞ்சி எடுத்த பிறகுதான் பயன்படுத்துவோம். அதையும் திரும்பச் செய்தோம். செல் வளரும் சத்து நீர்மமான ஊடகத்துக்கு இளஞ்சிவப்பு நிறம் தருகிற ஃபீனால் ரெட் சாயத்தோடு வரும் பொருளே லேசாக எஸ்ட்ரோஜென் வேலை செய்யும் என்று 1986இலிருந்தே தெரியும் என்பதால் நிறமில்லாத ஊடகம்தான் வாங்கியிருந்தோம். கடைசியில் பார்த்தால், கண்ணாடிப் புட்டி உடைந்துபோனதால் யாரோ மெத்தனாலைப் பிளாஸ்டிக் பிழி பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தார்கள். பாட்டிலின் பிளாஸ்டிக்கிலிருந்து எதுவோ மெத்தனாலில் இறங்கி வந்திருக்கிறது. யாரோ என்ன யாரோ, நான்தான்.

வெட்கப்பட்டதற்கு ஆறுதலாக என் வழிகாட்டி ஒரு கதை சொன்னார். அமெரிக்காவின் பாஸ்டனில், டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆனா சோட்டோவும் கார்லோஸ் சோனன்ஷைனும் மார்பகப் புற்றுநோய்ச் செல்களை எஸ்ட்ரோஜென் இல்லாத ஊடகத்தில் வளர்த்தார்கள். வளரவே கூடாத செல்கள் திடீரென்று பெருக ஆரம்பித்தன. மாதக்கணக்கில் துரத்தியபோது சிக்கியது, சோதனைக் குழாயின் பிளாஸ்டிக்கில் சேர்த்திருந்த நோனைல்பீனால். 1991இல் அதை வெளியிட்டார்கள். ஹார்மோன் கெடுக்கும் ரசாயனங்கள் என்ற துறை வளர்ந்ததில் இந்த விபத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அவர்கள் செல்லின் எண்ணிக்கையை எண்ணினார்கள், அதற்கு ஆறு நாள் பிடிக்கும். வெளிச்சத்தை எண்ணினால் ஒரு நாளில் முடிகிறது. பிறகு லூசிஃபெரேஸ் செல்கள் பரவியதற்கு முக்கியக் காரணம் இந்த வேகம்.

நோனைல்பீனால் என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நம் ஊருக்கு அது அந்நியமில்லை. டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், ஆட்டுத்தோலின் கொழுப்பை எடுக்க ஒரு வகை சோப்பு நீர்மம் தேவை. நோனைல்பீனால் எத்தாக்சிலேட் என்ற மலிவான சரக்கு அதற்கு உலகெங்கும் ஓடியது. கழிவுநீரில் நுண்ணுயிர்கள் அதைக் கடித்துக் கடித்து வாலைத் தின்ற பிறகு மிஞ்சுவது நோனைல்பீனால். ஐரோப்பா 2003இல் சட்டம் போட்டு, 2005 தொடக்கத்திலிருந்து தோலிலும் ஜவுளியிலும் இதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியது. அதன் பிறகு ஆம்பூர், ராணிப்பேட்டையிலிருந்து ஏற்றுமதி செய்கிறவர்களிடம் வாங்குகிறவர்கள் ‘இது இல்லை’ என்று சான்று கேட்கிறார்கள்.

சரி, அப்படியென்றால் உங்கள் தண்ணீர் ஒளிர்ந்தால் டேனரிதான் காரணமா? இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். நோனைல்பீனால் ஏற்பியில் உட்காரும் திறமையில் ரொம்பச் சுமார். சோதனைக்குச் சோதனை மாறும் என்றாலும் எஸ்ட்ராடயாலைவிடப் பத்தாயிரம் மடங்கு போல பலவீனம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் கணக்கில் 1 நானோகிராம் எஸ்ட்ராடயால் தரும் வெளிச்சத்தை நோனைல்பீனால் தர 10 மைக்ரோகிராம் வேண்டும். மனிதர்களோ ஆளுக்கு ஆள் தினமும் சிறுநீரில் அசல் எஸ்ட்ரோஜெனையே வெளியேற்றுகிறோம். கர்ப்பிணிகள் இன்னும் பல மடங்கு. கறவை மாடுகளும் அப்படியே. இங்கிலாந்தில் சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குக் கீழே ஆண் மீன்களின் ரத்தத்தில், பெண் மீனுக்கே உரிய முட்டைக் கருப் புரதம் இருந்ததை 1990களில் ஆராய்ந்தபோது, பெரும்பாலான இடங்களில் காரணமாக நின்றது தொழிற்சாலைச் சரக்கைவிட மனிதச் சிறுநீரும் கருத்தடை மாத்திரையின் எஸ்ட்ரோஜெனும்தான். பாலாற்றில் டேனரிக் கழிவு மட்டும் கலக்கவில்லை, கரையோர ஊர்களின் சாக்கடையும் கலக்கிறது. ஆகவே ஒளிர்ந்தது என்பதை மட்டும் வைத்து டேனரியை நோக்கியோ ஊரை நோக்கியோ யாராவது விரல் நீட்டினால், அடுத்து வேதியியல் பகுப்பாய்வு எங்கே என்று கேளுங்கள். எந்த மூலக்கூறு என்று செல்லுக்குப் பெயர் சொல்லத் தெரியாது. அதற்கு நிறமாலைக் கருவியில் தனியாக ஏற்ற வேண்டும்.

பெயர் சொல்லத் தெரியாததே சில சமயம் நல்லது. கருவியில் நாம் பட்டியல் கொடுத்துத் தேடியது மட்டும்தான் கிடைக்கும். பட்டியலில் இல்லாததும் செல்லுக்குக் கேட்கும். லண்டனில் 2002இல் செய்த ஒரு சோதனை இதற்கு நல்ல உதாரணம். தனித்தனியாகப் போட்டால் ஒன்றும் தெரியாத அளவில் எட்டு பலவீனமான எஸ்ட்ரோஜென் போலிகளை ஒன்றாகக் கலந்தார்கள், விளைவு தெளிவாக வந்தது. அது நிறமாற்றம் காட்டும் ஈஸ்டில் செய்தது, ஆனால் தத்துவம் ஒன்றே. நம் தண்ணீரில் எப்போதும் இருப்பது கலவை என்பதால், கூட்டுத்தொகையைச் சொல்கிற சோதனைக்கு மதிப்பு உண்டு.

இனி இருட்டைப் பற்றி. உங்கள் இரண்டாவது கேள்வி அதுதானே.

மேலே சொன்ன குப்பியை மறுபடி நினைத்துப் பாருங்கள். எண்ணெய்த்தன்மை உள்ளது தங்கும், மற்றது சாக்கடைக்குப் போகும் என்றேன். அந்த மற்றதில் உங்கள் தண்ணீரின் உப்பு முழுக்க இருக்கிறது. குரோமியம் இருக்கிறது. நைட்ரேட் இருக்கிறது. செல்லின் வாசலுக்கே இவை வரவில்லை. ராணிப்பேட்டையில் குரோமியக் கழிவு மலையாகக் கிடப்பதையும், மழை பெய்தால் மஞ்சளாக வழிவதையும் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த மஞ்சள் தண்ணீரைக் கொண்டுவந்தால்கூட இந்தச் சோதனை ‘எஸ்ட்ரோஜென் செயல்பாடு இல்லை’ என்று சொல்லக்கூடும். பொய்யில்லை, கேட்ட கேள்விக்குச் சரியான பதில். குடிக்கிற தண்ணீருக்குத்தான் அது தப்பான கேள்வி. சில வருடம் முன்பு தெரிந்தவர் ஒருவர், ஒரு தனியார் கூடத்தில் பணம் கட்டி வாங்கிய ‘ஹார்மோன் சோதனை, பாதிப்பு இல்லை’ என்ற ஒற்றைத் தாளைக் காட்டி, வடிகட்டி வாங்குவதை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். அவர் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது.

செத்த செல்லும் இருட்டுதான். விஷமான சாற்றைப் போட்டால் ஏ.டி.பி. தீர்ந்து, நொதி உண்டாகாமல், குழி கறுத்துக் கிடக்கும். அதனால் ஒவ்வொரு தட்டோடும் செல் உயிரோடு இருக்கிறதா என்ற சோதனையும் நடக்க வேண்டும். அறிக்கையில் அந்த வரி இல்லையென்றால் அந்த அறிக்கையை நான் மதிக்க மாட்டேன்.

அப்புறம், தட்டில் இருக்கிற செல்லுக்குக் கல்லீரல் கிடையாது. மெத்தாக்சிகுளோர் என்ற பழைய பூச்சிமருந்து அப்படியே பெரிதாக ஒன்றும் செய்யாது. உடம்புக்குள் போய்க் கல்லீரல் அதை மாற்றிய பிறகுதான் எஸ்ட்ரோஜென் வேஷம் போடும். தட்டில் அது நல்ல பிள்ளை.

அம்மாவின் தைராய்டைப் பற்றியும் இதோடு சொல்லிவிடுகிறேன். எஸ்ட்ரோஜென் ஏற்பியுள்ள செல் தைராய்டைப் பற்றி வாயே திறக்காது. தைராய்டு ஏற்பி வைத்த ஒளிரும் செல்களும் உண்டு, ஆனால் தைராய்டைக் கெடுக்கும் ரசாயனங்களில் பெரும்பாலானவை அந்த ஏற்பியைத் தொடுவதே இல்லை. பட்டாசு மருந்தில் சேரும் பெர்குளோரேட் அயோடின் உள்ளே நுழையும் வாசலை அடைக்கும். வேறு சில, ஹார்மோனைத் தயாரிக்கும் நொதியை முடக்கும். ஆண் ஹார்மோனுக்கும் வேறு செல் வேண்டும், அங்கே பெரும்பாலும் தலைகீழ்க் கணக்கு: ஆண் ஹார்மோனைப் போட்டு முதலில் விளக்கை எரியவிட்டு, ரசாயனம் அதை மங்கச் செய்கிறதா என்று பார்ப்போம். டி.டி.டி. பூச்சிமருந்து சிதைந்து உண்டாகும் டி.டி.இ. இப்படி ஆண் ஹார்மோனின் இடத்தை மறித்து உட்காரும் என்று 1995இல் கண்டுபிடித்தார்கள். அக்காவின் நீர்க்கட்டிக்குத் தண்ணீர்தான் காரணம் என்றோ இல்லை என்றோ எந்தத் தட்டும் சொல்லாது. அதை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

பொய் வெளிச்சமும் உண்டு. மீல்மேக்கர் செய்கிற சோயாவில் ஜெனிஸ்டீன் என்ற தாவர எஸ்ட்ரோஜென் இருக்கிறது. அதை அதிக அளவில் போட்டால் எஸ்ட்ராடயாலே எட்டாத உயரத்துக்கு வெளிச்சம் போகும், ஏற்பியோடு சம்பந்தமில்லாத வழியிலும் அது லூசிஃபெரேஸை ஏற்றிவிடுவதால். இதைவிடச் சுவையான கதை அட்டாலுரென் என்ற மருந்துடையது. மரபுக் கோளாறு ஒன்றுக்கான அந்த மருந்தை மின்மினி நொதியின் வெளிச்சத்தை வைத்தே தேர்ந்தெடுத்திருந்தார்கள். 2009இல் வேறொரு குழு, அந்த மூலக்கூறு மின்மினி நொதியிலேயே நேராக ஒட்டி அதைச் சிதையாமல் காப்பாற்றுகிறது, வெளிச்சம் கூடியது அதனாலும் இருக்கலாம் என்று காட்டியது. விளக்கு எரிந்தால் சுவிட்சைத்தான் தட்டினார்கள் என்று நினைக்கிறோம், சில பேர் பல்பையே பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

செல் யாருடையது என்பதில்கூட ஏமாந்திருக்கிறார்கள். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் 455ஆம் எண் வழிகாட்டிதான் இந்தச் சோதனைக்கு உலக அளவுகோல். அதில் சேர்ந்த ஒரு செல் வகையைச் சினைப்பைச் செல் என்றே வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மரபணுவைப் பார்த்தபோது அது எம்.சி.எஃப்-7 என்ற மார்பகச் செல்லின் ஒரு கிளை என்று தெரிந்து பெயரையே மாற்ற வேண்டியதாயிற்று. நல்லவேளை, ஏற்பி ஒழுங்காக வேலை செய்ததால் முடிவுகள் தப்பின.

இவ்வளவு குறை சொன்னதால் பயனில்லாத சோதனை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது பிறந்த காரியம் வேறு. சந்தையில் பல்லாயிரம் ரசாயனங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றையும் எலிக்குக் கொடுத்துத் தலைமுறை தலைமுறையாகப் பார்க்க யாராலும் முடியாது. அமெரிக்காவில் டாக்ஸ்21 என்ற திட்டத்தில் ரோபோக்களை வைத்து, 1536 குழித் தட்டுகளில், ஏறத்தாழ 10,000 ரசாயனங்களை இப்படிச் சலித்தார்கள். 2015இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை, எஸ்ட்ரோஜென் தொடர்பான 18 வகை வேகச் சோதனைகளின் முடிவைச் சேர்த்து வைத்தால் சில விலங்குச் சோதனைகளுக்குப் பதிலாக ஏற்கலாம் என்றது. ஒரு விளக்கை நம்பவில்லை பாருங்கள், பதினெட்டு. சல்லடை என்பது எதை முதலில் உற்றுப் பார்க்க வேண்டும் என்று சொல்கிற சாமான். பிஸ்பீனால்-ஏ போன்ற சரக்கு அதில் சிக்கும். பல கடைகளில் தரும் வெப்பத்தாள் ரசீதிலும் அது இருக்கிறது.

சந்தேகம் வந்த இடத்திலேயே தடுப்பு நடவடிக்கை எடுக்கலாம், முழு நிரூபணம் வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்துக்குள் உறுதியாகக் கொண்டுவந்ததே நம் பகுதி வழக்குதான். டேனரிக் கழிவு பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு. பாலாற்றுக் கரையில் பல இடங்களில் வரிசையாக மாதிரி எடுத்து, டேனரிக்கு மேலே, கீழே, ஊர்ச் சாக்கடை சேருமிடத்துக்குக் கீழே என்று ஒப்பிட்டால் ஒளிரும் செல் அப்படிப்பட்ட நியாயமான சந்தேகத்தைக் காட்டித் தரும். ஒரு வீட்டுப் போரின் ஒரு லிட்டரில் அது முடியாது.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது: குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக்கூடத்தில் டி.டி.எஸ். (கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு), கடினத்தன்மை, நைட்ரேட், கிருமி இவற்றைப் பாருங்கள். குரோமியத்தைத் தனியாகக் கேட்டு, செய்கிற இடத்தில் பாருங்கள். இந்தியத் தர அளவில் மொத்த குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், நைட்ரேட் 45. டி.டி.எஸ். 500க்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீரே இல்லையென்றால் 2000 வரை. இவை தாண்டியிருந்தால் ஹார்மோன் சோதனைக்கு அவசியமே இல்லாமல் குடிப்பதை நிறுத்தலாம்.

அதெல்லாம் சரியாக இருந்தும் மனசு கேட்காமல், யாராவது ஆய்வு மாணவர் உங்கள் தண்ணீரைச் செல்லில் பார்த்துத் தருகிறேன் என்று வந்தால், பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலைக் கேட்டு வாங்கி, மூடிக்கு அடியில் அலுமினியத் தாளை வைத்து, போரைப் பத்து நிமிடம் ஓடவிட்ட பிறகு கழுத்துவரை பிடித்து, ஐஸில் வைத்து அன்றைக்கே கொடுத்தனுப்புங்கள். இன்னொரு பாட்டிலில் அவர்கள் கூடத்துச் சுத்தத் தண்ணீரையும் அதே வண்டியில் போய் வரச் சொல்லுங்கள். பிழி பாட்டிலில் மெத்தனால் வைத்திருக்கிறார்களா என்று நான் கேட்டதாகவும் கேளுங்கள்.